விரலைப் பார், தலையை ஆட்டாதே

ஜோயல் கண்ணு,

இன்று கடையில் கூட்டமில்லை. அப்பா பின்னறையில் யாருடைய லென்ஸையோ ஃப்ரேமுக்குத் தக்கபடி தேய்த்துக்கொண்டிருக்கிறார். நான் கவுண்டரில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நாளைக்குக் காலையில் நீ வைட்ஃபீல்டுக்குத் திரும்பிப் போகிறாய். இத்தனை மாதமாக லிங்கராஜபுரத்தில் எங்களோடு இருந்தவன், மறுபடியும் அந்த அபார்ட்மென்ட்டுக்கும் அந்த ஆபீசுக்கும் போகிறாய். கூட இருந்த ரூம்மேட் புனேவுக்கு மாற்றலாகிப் போய்விட்டதால் இனி அந்த வீட்டில் நீ ஒருத்தன்தான். எனக்குப் பயமாக இருக்கிறது. சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது என்பது உனக்கே தெரியும், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாத்திரையும் அந்தக் கண்ணசைவு சிகிச்சையும் சேர்ந்து உன்னை எவ்வளவு தூரம் தேற்றியிருக்கின்றன என்று எனக்குத் தெரியவில்லை. நீ என் எதிரில் சொல்லும் "நல்லா இருக்கேன்மா"வை நம்பி உன்னைத் தனியாக அனுப்பலாமா என்பதுதான் என் கவலை முழுவதும். படித்த பிறகு இதை நீ யாருக்கு வேண்டுமானாலும் காட்டலாம். என்னைப் போல அவசரப்பட்டுக் கெடுத்துவைக்கிற தாய்மார்கள் இந்த ஊரில் நிறையப் பேர் இருப்பார்கள், அவர்களுக்காவது உதவட்டும்.

மழைக்காலம் ஆரம்பித்த சமயம், ஒரு மத்தியான வேளையில் உன் ரூம்மேட் உன்னை டாக்சியில் கூட்டிவந்து கடை வாசலில் இறக்கினான். "ஆன்ட்டி, இவன் ரூமை விட்டே வெளிய வர்றதில்ல. சாப்பிடறதில்ல. எனக்கு என்ன பண்றதுன்னு தெரியல" என்றான். கண் பரிசோதனைக்கு வருகிறவர்கள் உட்காரும் ஸ்டூலில் லேப்டாப் பையை மடியில் வைத்துக்கொண்டு நீ உட்கார்ந்தாய். "என்னடா, பேஜாரா?" என்று கேட்டேன். இந்த ஊரில் எல்லாவற்றுக்கும் அந்த ஒரு சொல்தான். பஸ் வரவில்லை என்றாலும் பேஜார், கரண்ட் போனாலும் பேஜார், பெண்டாட்டி கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போனாலும் பேஜார். உன்னுடையதும் அந்த வகைதான் என்று நினைத்தேன். நாலு நாள் ரசம் சாதம் போட்டுத் தூங்கவிட்டால் சரியாகிவிடும் என்று அப்பாவிடமும் சொன்னேன். அவர் உன் பையை வாங்கி உள்ளே கொண்டுபோய் வைத்தார்.

அப்புறம்தான் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாய். ஆபீசில் ஆட்களைக் குறைத்தார்கள். உன் டீமில் யார் போகவேண்டும் என்று மேலே இருப்பவர்கள் முடிவு செய்துவிட்டு, அதைச் சொல்லும் வேலையை மட்டும் உன் தலையில் கட்டினார்கள். ஒவ்வொருவரையாக வீடியோவில் கூப்பிட்டு, அவர்கள் எழுதிக் கொடுத்ததை ஒரு வார்த்தை மாறாமல் நீ வாசிக்கவேண்டும். அதில் ஒருவர் உன்னைவிட மூத்தவர். மடியில் சின்னப் பெண்குழந்தையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். நீ வாசித்து முடித்ததும் குழந்தை திரையைப் பார்த்து உனக்கு டாட்டா காட்டியிருக்கிறது. அவர் "தேங்க்ஸ் ஜோயல்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். "திட்டியிருந்தா பரவால்லம்மா. தேங்க்ஸ்னு சொன்னாரும்மா" என்றாய். எனக்கு அது புரியவில்லை. உத்தரவு போட்டவன் யாரோ, நீ ஏன்டா உருகுகிறாய், அவருக்கு வேறு வேலை கிடைத்திருக்கும் என்று மளமளவென்று புத்தி சொன்னேன். நீ தலையாட்டிக் கேட்டுக்கொண்டாய். அதற்கப்புறம் அந்த மனிதரைப் பற்றி என்னிடம் நீ பேசவே இல்லை.

ரசம் சாதத்துக்கு அது அடங்கவில்லை என்று தெரிந்தபிறகு மனநல டாக்டரிடம் போனோம். அவர் டிப்ரெஷன் என்றார். மாத்திரை கொடுத்தார். தூக்கம் வந்தது, கொஞ்சம் சாப்பிட்டாய். ஆனாலும் பகலெல்லாம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாய். நான் அப்பாவிடம் பாத்ரூம் தாழ்ப்பாளைக் கழற்றச் சொன்னேன். துருப்பிடித்துவிட்டது, புதிது வாங்கவேண்டும் என்று உன்னிடம் கதை விட்டேன். அதற்கப்புறம் வீட்டில் குளிக்கப் போகிறவர்கள் எல்லாரும் உள்ளே ஆள் இருப்பது தெரிய சத்தம் கொடுக்கவேண்டியதாயிற்று. உன் அப்பா குளியலறையில் கீர்த்தனை பாடுவார், பக்கத்து வீட்டம்மா என்ன விசேஷம் என்று விசாரிப்பார். நீ உள்ளே போனால் மட்டும் ஒரு சத்தமும் வராது. நான் கையில் துடைப்பத்தோடு அந்தக் கதவுப் பக்கமே பெருக்கிக்கொண்டிருப்பேன். ஒருநாள் நீ கதவைத் திறந்து, "அம்மா, அந்த இடத்தை எவ்ளோ வாட்டிதான் பெருக்குவ? நான் குளிச்சிட்டுதான் இருந்தேன்" என்றாய். சிரிக்கத்தான் பார்த்தேன், முடியவில்லை.

மாத்திரை கொடுத்த டாக்டர்தான் அந்த சைக்காலஜிஸ்ட் மேடத்திடம் அனுப்பினார். ஏதோ ஒரு நினைவு அடியில் உட்கார்ந்துகொண்டு உன்னை எழவிடாமல் வைத்திருக்கிறது, அதற்குக் கண்ணசைவை வைத்து ஒரு சிகிச்சை இருக்கிறது, செய்து பார்க்கலாம் என்றார். அந்த மேடம் தன் விரல்களை உன் முகத்துக்கு முன்னால் இடமும் வலமுமாக ஆட்டுவாராம். நீ அந்த நினைவை மனதில் வைத்துக்கொண்டே தலையை அசைக்காமல் கண்ணால் மட்டும் விரலைத் தொடரவேண்டுமாம். நீ வந்து சொன்னதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "விரலைப் பார், தலையை ஆட்டாதே" என்று கல்யாணமாகி இந்தக் கடைக்கு வந்த நாளிலிருந்து தமிழிலும் கன்னடத்திலும் உருதுவிலும் சொல்லிச் சொல்லி என் தொண்டை வற்றிப்போயிருக்கிறது. எத்தனை பேருடைய கருவிழியை இடதும் வலதும் ஓடவிட்டிருப்பேன். ஒருத்தருடைய துக்கமாவது அதில் போனதாக யாரும் வந்து சொன்னதில்லை. "இதுக்கு எதுக்குடா அங்க போற, இங்கயே ஸ்டூல்ல உக்காரு, நான் ஆட்டறேன்" என்று கிண்டல் பண்ணினேன். விளையாட்டாகச் சொன்னதுதான். பிற்பாடு அதையே நிஜமாகச் செய்து வைப்பேன் என்று அப்போது எனக்குத் தெரியாது.

முதல் சில வாரம் அந்த மேடம் விரலையே தூக்கவில்லை. மனது தாங்காமல் போனால் திரும்பி வந்து நிற்பதற்கு, உனக்கு நிம்மதியான ஓர் இடத்தை மனதில் தேர்ந்தெடுக்கச் சொன்னார். நீ எந்த இடத்தைச் சொன்னாய் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஒரே ஆவல். நம் வீட்டு மாடியாக இருக்கும், இல்லையென்றால் சின்னதில் நீ உட்கார்ந்து படம் வரைந்த இந்தக் கவுண்டராக இருக்கும் என்று நினைத்தேன். நச்சரித்துக் கேட்டதும் சொன்னாய், மழை பெய்யும்போது ஏசி வோல்வோ பஸ்ஸில் ஜன்னலோர சீட் என்று. ஒரு வீட்டைக் கட்டி மேய்த்து வளர்த்தவளை விட்டுவிட்டு பஸ்ஸில் போய் உட்கார்ந்திருக்கிறாயே என்று எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். அங்கே உன்னை யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள் என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் உறைத்தது.

விரலாட்டம் ஆரம்பித்தபிறகு நீ தேறுவாய் என்று காத்திருந்தேன். ஆனால் போய்விட்டு வந்த அன்றைக்கும் மறுநாளும் நீ முன்பைவிட மோசமாக இருந்தாய். ஒரு சாயங்காலம் ஆட்டோவிலிருந்து இறங்கி, நம் வீட்டைத் தாண்டி நடந்துபோய்க்கொண்டே இருந்தாய். நான் செருப்பில்லாமல் பின்னால் ஓடிவந்து கையைப் பிடித்தேன். "வீடு வந்துடுச்சாம்மா" என்று கேட்டாய். அன்றைக்கே இந்தச் சிகிச்சையை நிறுத்திவிடவேண்டும் என்று தோன்றியது. முதலில் அந்த மேடத்தைப் பார்த்து நாலு கேள்வி கேட்பது என்று தனியாகப் போனேன். அவருக்குக் கன்னடம்தான் தாய்மொழி, எனக்காகப் பாதித் தமிழில் பேசினார். "அம்மா, ஸ்வல்ப நிதானமா கேளுங்க. உள்ள இருக்கறது மேல வரும்போது ரெண்டு நாள் கஷ்டம் இருக்கும். ஜோயல்கிட்ட முன்னாடியே சொல்லிருக்கேன்" என்றார். கண்ணை ஆட்டினால் மனது எப்படிச் சரியாகும் என்று கேட்டேன். என் தொழிலையும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. நினைவை வைத்துக்கொண்டே விரலையும் பின்தொடரும்போது மனதால் இரண்டையும் முழுதாகப் பிடித்துக்கொள்ள முடிவதில்லை, அதனால் அந்த நினைவின் சூடு குறைகிறது என்பது ஒரு விளக்கம், ஆனால் ஏன் குறைகிறது என்பது இன்னும் முழுசாக யாருக்கும் தெரியாது என்றார். விபத்து, அடிதடி, சாவு என்று பயந்துபோனவர்களுக்காக வந்த சிகிச்சையாம் இது. டிப்ரெஷனுக்கும் கொடுத்துப் பலருக்கு நன்றாகியிருக்கிறதாம், சிலருக்கு அவ்வளவாக இல்லையாம். மாத்திரையை மட்டும் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தவே கூடாது என்று இரண்டு தரம் சொன்னார். ஏமாற்றாமல் பேசுகிறவர் என்று தெரிந்தது. ஆனால் பலருக்கு என்று அவர் சொன்னதிலேயே என் மனது மாட்டிக்கொண்டது. என் பிள்ளை அந்தப் பலரில் ஒருவனா, மிச்சத்தில் ஒருவனா? பஸ்ஸில் திரும்பி வரும்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களை எல்லாம் பார்த்துக்கொண்டே வந்தேன், இவர்களில் யாருக்குச் சரியாகும், யாருக்குச் சரியாகாது என்று.

அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்ததை எழுதாமல் விட்டால் இந்தக் கடிதத்துக்கு அர்த்தமில்லை. அப்பா ஆராதனை முடிந்து கமிட்டிக் கூட்டத்துக்குப் போய்விட்டார். நாம் இரண்டு பேரும் சாப்பிட உட்கார்ந்தோம். குழம்பு ஆறிக்கொண்டிருந்தது, நீ சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாய். "என்னடா?" என்றேன். "அவர் மூஞ்சிம்மா, வந்துனே இருக்கு" என்றாய். அடுத்த தடவை மேடத்திடம் போக இன்னும் நாலைந்து நாள் இருந்தது. அதுவரைக்கும் இவனை இப்படியே வைத்திருப்பதா என்று எனக்குள் ஒரு பதற்றம். விரலைத்தானே ஆட்டுகிறார், என்னைவிடச் சீராக யார் ஆட்டப்போகிறார்கள் என்று ஒரு திமிரும் கூடச் சேர்ந்துகொண்டது. கையைக் கழுவிக்கொண்டு வந்து, நாற்காலியை உன் எதிரில் போட்டு உட்கார்ந்தேன். "அவரையே நெனச்சுக்கோ. என் விரலைப் பாரு. தலைய ஆட்டாத" என்றேன். நீ வேண்டாம் என்றுகூடச் சொல்லவில்லை. எப்போதும் போல நான் சொன்னதைச் செய்தாய்.

கண்கள் என் விரலோடு இடமும் வலமும் போய் வந்தன. தொழில்காரியாக நான் பார்த்தது உன் கண்ணசைவு சரியாக இருக்கிறதா என்பதைத்தான். அதனால் உன் முகம் மாறியதை நான் கவனிக்கவில்லை. சத்தமே இல்லாமல் கண்ணீர் வழிந்தது. அப்புறம் உடம்பு நடுங்க ஆரம்பித்தது. நான் விரலை நிறுத்திவிட்டேன், உனக்கு மட்டும் நிற்கவில்லை. "அந்தக் குழந்தை கைய ஆட்டுதும்மா, நிறுத்தச் சொல்லும்மா" என்று நீ என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாய். நிறுத்த எனக்குத் தெரியவில்லையே, ஜோயல். திறக்க மட்டும் தெரிந்துகொண்டு மூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். பஸ்ஸை நெனச்சுக்கோ, வோல்வோ பஸ்ஸை நெனச்சுக்கோ என்று கத்தினேன். கத்துகிற இடத்தில் எந்த பஸ் வரும். அந்த மேடத்துக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை. மறுபடி போட்டேன், மறுபடி போட்டேன். பிள்ளை என் கையாலேயே கெட்டுப்போய்விட்டான் என்று நினைத்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு பயந்தது கிடையாது. உன்னைப் பெற்ற அன்றைக்கு டாக்டர் முகம் சுளித்தாரே, அப்போதுகூட இப்படிப் பயப்படவில்லை.

மேடம் திரும்ப அழைத்தார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "போனை ஸ்பீக்கர்ல போடுங்க" என்றார். உன் கால் இரண்டையும் தரையில் அழுத்தி வைக்கச் சொன்னார். அறையில் என்னென்ன பொருள் இருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னார். குக்கர், காலண்டர், அப்பாவோட செருப்பு என்று நீ திக்கித் திக்கிச் சொன்னாய். முகத்தில் குளிர்ந்த தண்ணீர் அடித்துக்கொள்ளச் சொன்னார். உன் மூச்சு மெல்ல நிதானத்துக்கு வந்தது. என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "அம்மா, இனிமே இது என் வேலை. நீங்க அம்மாவா இருந்தா போதும்" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் பரவாயில்லை என்று நீ அந்த மனிதரைப் பற்றிச் சொன்னது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

அதற்கப்புறமும் நீ போனாய். என்னால் கெட்டதையும் சேர்த்து அந்த மேடம் சரிசெய்தார் என்றுதான் நினைக்கிறேன். வாரங்கள் போகப் போக நீயே ஷேவ் பண்ணிக்கொண்டாய், அப்பாவோடு உட்கார்ந்து ஃப்ரேம்களுக்கு ஸ்க்ரூ முடுக்கினாய். "அவர் மூஞ்சி இப்ப தூரத்துல இருக்கற மாதிரி இருக்கும்மா. இருக்கு, ஆனா சுடல" என்று ஒருநாள் காப்பி குடிக்கும்போது சொன்னாய். காப்பியை வைத்துவிட்டு உள்ளே போய் அழுதேன். சிகிச்சை பலிக்கிறது என்று நம்பினேன், இப்போதும் நம்புகிறேன். ஆனால் காலை வேளைகளில் நீ எழுந்து உட்கார்ந்து தரையையே பார்க்கிறாயே, அது போகவில்லை. அந்த நினைவு போனால் கூடவே டிப்ரெஷனும் கிளம்பிவிடும் என்று நான் போட்ட கணக்கு தப்பு. சிகிச்சை கதவைத் திறந்துவிடும், ஜோயல்தான் நடக்கவேண்டும் என்று மேடம் சொன்னார்.

நான் அதோடு விடுவேனா? சிகிச்சையின்போது கஷ்டம் பத்துக்கு எத்தனை என்று மேடம் உன்னைக் கேட்பார் என்று தெரிந்துகொண்டேன். தினமும் இட்லித் தட்டை வைக்கும்போதே "இன்னிக்கு எவ்ளோடா?" என்று கேட்க ஆரம்பித்தேன். நீ ஆறு என்றாய், அப்புறம் ஐந்து, நாலு என்றாய். என் முகம் மலர மலர உன் எண்ணும் குறைந்துகொண்டே வந்தது. எனக்கு அப்போதே பொறி தட்டியிருக்கவேண்டும். கண்ணில் இரும்பு ஃப்ரேமை மாட்டி லென்ஸை மாற்றிப் போட்டு, இது தெளிவா அது தெளிவா என்று கேட்கும்போது, பாதிப் பேர் என் முகத்தைப் பார்த்துத்தான் பதில் சொல்வார்கள். அலுத்துப்போயிருக்கிறேன் என்று தெரிந்தால் "நல்லா தெரியுதும்மா, நல்லா தெரியுது" என்று அவசரமாகச் சொல்லிவிடுவார்கள். அப்படி அவசரப்படுகிறவருக்குக் கண்ணாடி போட்டுக் கொடுத்தால் மறுவாரமே தலைவலி என்று வந்து நிற்பார். சின்னதில் நீயும் கண் பரிசோதனை எழுத்துப் பலகையை மனப்பாடம் பண்ணிவைத்துக்கொண்டு, எனக்குப் பெருமையாக இருக்கட்டும் என்று கடைசி வரிவரைக்கும் ஒப்பித்தவன்தானே. கடையில் இவ்வளவு உஷாராக இருப்பவள், இட்லித் தட்டு முன்னால் ஏமாந்துபோனேன்.

ஏமாந்ததோடு நிற்கவும் இல்லை. சபையின் பெண்கள் ஐக்கியத்தில் எல்லாரும் உனக்காக ஜெபித்தார்களே, அவர்களிடம் "ஜோயல் நல்லாயிட்டான்" என்று நானே சொல்லிவிட்டேன். நம் சபையில் அப்படிச் சொன்னால் அடுத்து என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாதா? போதகர் உன்னை முன்னால் கூப்பிட்டு சாட்சி சொல்லச் சொன்னார். நீ மைக்கைப் பிடித்தாய். என்னைத் தேடிப் பார்த்தாய். "நான் இப்ப முழுசா சுகமாயிட்டேன், எல்லாருக்கும் தேங்க்ஸ்" என்றாய். சபை முழுக்க ஸ்தோத்திரம் சொன்னது. எனக்கு இரண்டு பக்கமும் இருந்தவர்கள் என் தோளைத் தட்டிக்கொடுத்தார்கள். நீ வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாய். அன்றைக்கு முழுக்க எழுந்திருக்கவில்லை. கடவுளுக்கு முன்னால் உன்னை நான் பொய் சொல்ல வைத்தேன். அதைவிட எனக்குப் பயமாக இருப்பது, நீ அவ்வளவு நன்றாகச் சொன்னாய் என்பது. உன்னைப் பெற்ற நானே நம்பிவிட்டேன்.

போன வாரம் மேடம் என்னையும் அப்பாவையும் கூப்பிட்டு, நீ திரும்பி வேலைக்குப் போகலாம், சனிக்கிழமைகளில் சிகிச்சை தொடரும் என்று சொன்னார். மனது மோசமானால் யாரை அழைப்பது என்று நீயும் அவரும் பேசி வைத்திருந்ததையும் உன் சம்மதத்தோடு சொன்னார். முதலில் அவர். அப்புறம் புனேவில் இருக்கிற உன் ரூம்மேட். அப்புறம் அப்பா. என் பேர் இல்லை. வெளியே வந்ததும் ஆட்டோவுக்குக்கூடக் கை காட்டாமல் உன்னைக் கேட்டேன். அப்பா "விடு, விடு" என்றார். நீ சொன்னாய்: "அப்பாகிட்ட சொன்னா அப்பா சும்மா கேட்டுப்பாரும்மா. உன்கிட்ட சொன்னா அப்புறம் நான்தான் உன்னைத் தேத்தணும். எனக்கு அதுக்குத் தெம்பு இல்லம்மா." அதைக் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. ஸ்கூலில் லீவு சொல்வதுபோலப் பணிவாகத்தான் சொன்னாய்.

அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். உனக்கு உடம்பு சரியில்லாமல் போன நாளிலிருந்து நான் உன்னிடம் எத்தனையோ கேட்டிருக்கிறேன். சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா, பத்துக்கு எத்தனை, பஸ் சீட்டில் உட்கார்ந்தாயா. துடைப்பத்தோடு கதவருகில் நின்றேனே, அப்போது என் மனதில் இருந்த கேள்வியை மட்டும் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டால் இல்லாத எண்ணத்தையும் நானே எடுத்துக்கொடுத்ததாகிவிடும் என்று பயந்தேன். மேடத்திடம் இதைத் தனியாகக் கேட்டேன். "கேக்கறதால அந்த எண்ணம் வராதும்மா. கேக்காம விடறதால போகவும் போகாது. தைரியமா கேளுங்க, கேட்டுட்டு பதிலுக்கு இடம் கொடுங்க" என்றார். மூன்று நாளாகக் கேட்கப் பார்க்கிறேன். நேற்று ராத்திரிச் சாப்பாட்டின்போது வாயைத் திறந்துவிட்டு, அப்பளம் வேண்டுமா என்று கேட்டேன்.

உனக்குச் சொல்லவேண்டிய புத்திமதி ரொம்ப இல்லை. மாத்திரையை நீயாக நிறுத்தாதே. சனிக்கிழமை டிராஃபிக் எவ்வளவு இருந்தாலும் மேடத்திடம் போ. இந்தச் சிகிச்சை உனக்குப் பாதி பலித்தால் பாதி பலித்தது என்று சொல், பலிக்கவில்லை என்றால் இல்லை என்று சொல், அவர்கள் வேறு வழி பார்ப்பார்கள். யாரையும் சந்தோஷப்படுத்துவதற்காகக் குணமாகாதே. சபையில் யாராவது விசாரித்தால் இன்னும் வைத்தியம் நடக்கிறது என்று நானே சொல்லிக்கொள்கிறேன். போதகரிடம் போய்ச் சொல்லியும்விட்டேன், நான்தான் அவசரப்பட்டேன் என்று. எனக்குப் பயமாக இருப்பது என் சமாச்சாரம். அதை அப்பாவிடம் கொட்டுவேன், ஜெபத்தில் கொட்டுவேன், அதுவும் போதாவிட்டால் அந்த மேடம் தாய்மார்களுக்கென்று ஒருவரைச் சொல்லியிருக்கிறார், அவரிடம் போவேன். என்னைத் தேற்றுகிற வேலையிலிருந்து உன்னை விடுவித்துவிட்டேன்.

நாளைக் காலையில் நீ பையைத் தோளில் மாட்டுவதற்கு முன்னால் இதை உன் கையில் கொடுப்பேன். வைட்ஃபீல்டுக்கு எடுத்துக்கொண்டுபோய்ப் படிக்காதே. இங்கேயே உட்கார்ந்து படி. நான் பக்கத்தில் இருப்பேன். எதையும் பெருக்கிக்கொண்டு இருக்கமாட்டேன்.

ஜோயல், செத்துப்போய்விடலாம் என்று உனக்குத் தோன்றுகிறதா?

இல்லை என்றால் இல்லை என்று சொல். முன்னால் தோன்றியது, இப்போது இல்லை என்றால் அதைச் சொல். ஆமாம் என்றால் ஆமாம் என்று சொல். நான் அழுவேன், அது என் கையில் இல்லை. ஆனால் எழுந்து உள்ளே போகமாட்டேன், புத்தி சொல்லமாட்டேன், உன் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன். ஆமாம் என்றால் நீ நாளைக்குப் போகவேண்டாம், ஆபீஸ் காத்திருக்கட்டும், நாம் மூன்று பேருமாக மேடத்தைப் பார்க்கப் போவோம். எந்தப் பதிலைச் சொன்னாலும் எனக்குப் பயமாகத்தான் இருக்கும், அதனால் எனக்காகப் பார்த்துப் பதில் சொல்லாதே.

படித்து முடித்துவிட்டாயா? இப்போது சொல்லு. உன் அம்மா கேட்டுக்கொண்டிருக்கிறேன்.